படுகைக் காட்டை அளப்பது எப்படி?

கொள்ளிடக் கரைமேல் வண்டியில் போனால் ஒரு பக்கம் வயலும் தென்னையும் ஊரும் தெரியும். மறுபக்கம், கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே, மூங்கில் கொத்தும் மருதும் புங்கையும் நாணலுமாக ஒரு பச்சைப் பட்டை கூடவே வரும். சில இடங்களில் அது வாழைத் தோட்டமாகவோ கொடிக்காலாகவோ மாறியிருக்கும். சில இடங்களில் சீமைக்கருவேல் மூடியிருக்கும். காடு என்று சொல்லத்தக்க அளவில் மரங்கள் நெருங்கி நிற்பது அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஆறு பெருகினால் முதலில் முழுகும் இந்த நிலத்தைத்தான் படுகை என்கிறோம்.

இங்கே என்னென்ன மரம் இருக்கிறது, மண் எப்படி இருக்கிறது என்று கணக்கெடுக்கக் கல்லூரி மாணவர்களும் இயற்கை ஆர்வலர்களும் கிளம்புவதுண்டு. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு குழு மரப் பட்டியல் எழுதும். இன்னொரு குழு நாலைந்து இடத்தில் மண் அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பும். அறிக்கையில் இரண்டும் தனித்தனி அத்தியாயம். எந்த மண்ணில் எந்த மரம் நின்றது என்று கேட்டால் பதில் இருக்காது. மலைக்காட்டில்கூட இதைச் சமாளித்துவிடலாம். படுகையில் முடியாது. இங்கே மரத்தையும் மண்ணையும் சேர்த்துத் தீர்மானிப்பது வெள்ளம். தண்ணீர் எந்த உயரம் வரும், எத்தனை நாள் நிற்கும், போகும்போது எதை விட்டுவிட்டுப் போகும் என்பவைதான் அடிப்படை. ஆகவே முதலில் அளக்க வேண்டியது மரத்தையும் அல்ல, மண்ணையும் அல்ல, நிலத்தின் உயரத்தை.

ஆறு கரைபுரளும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். ஆற்றின் நடுவில் தண்ணீர் வேகமாகப் போகிறது. அந்த வேகத்தில் மணலும் வண்டலும் களியும் கலந்து அடித்துக்கொண்டு வருகின்றன. ஆற்றை விட்டு வெளியே பரவியதும் வேகம் சட்டென்று குறைகிறது. கனமான மணல் ஆற்றோரமாகவே விழுந்துவிடும். அதைவிட நயமான வண்டல் கொஞ்சம் தள்ளிப் படியும். மிக நுண்ணிய களி, தண்ணீர் தேங்கும் பள்ளம் வரை போய் அங்கே மெதுவாக அடியில் தங்கும். இப்படி எத்தனையோ வெள்ளம் வந்து போனபின், ஆற்றோரத்தில் மணற்பாங்கான ஒரு மேடும் அதன் பின்னால் களிப்பாங்கான ஒரு பள்ளமும் உண்டாகிவிடுகின்றன. ஆற்றை விட்டு விலக விலக நிலம் உயரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். படுகையில் பல இடங்களில் அது தாழ்ந்துதான் போகும்.

மேட்டில் தண்ணீர் நாலு நாளில் வடிந்துவிடும். புங்கை, வேம்பு, மூங்கில் எல்லாம் அங்கே சௌகரியமாக வளரும். பள்ளத்தில் வாரக்கணக்கில் நீர் நிற்கும். மண்ணின் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிறைந்துவிடுவதால் வேருக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. அதைத் தாங்குகிற மருது, நீர்க்கடம்பு, நாவல் போன்றவைதான் அங்கே நிலைக்கும். இன்னும் தாழ்ந்தால் மரமே இல்லாமல் கோரையும் சம்பும். ஆற்றோடு ஐந்து கிலோமீட்டர் நடந்தாலும் காணாத மாற்றத்தை, ஆற்றுக்குக் குறுக்கே ஐம்பது மீட்டர் நடந்தால் காணலாம்.

டெல்டாவில் காடு எங்கே மிச்சம் இருக்கிறது?

கேட்க வேண்டிய கேள்விதான். கல்லணைக்குக் கீழே நெல் விளையத் தொடங்கி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. கலப்பை ஏறக்கூடிய நிலமெல்லாம் எப்போதோ வயலாகிவிட்டது. மிஞ்சியவை பெரும்பாலும் ஆற்றின் வெள்ளக்கரைகளுக்கு உட்பட்ட படுகைகள், நடு ஆற்றுத் திட்டுகள், கடலோரத்தில் முத்துப்பேட்டை, பிச்சாவரம் அலையாத்திக் காடுகள். அந்தப் படுகைகளும் தொடப்படாதவை அல்ல. 1836 வாக்கில் முக்கொம்பில் மேலணை வந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்தது. வெள்ளத்தின் எண்ணிக்கையும் அது கொண்டுவரும் வண்டலும் அதற்குப் பிறகு குறைந்துவிட்டன. மணல் அள்ளியதில் பல இடங்களில் ஆற்றின் தரைமட்டமே இறங்கியிருக்கிறது. ஆறு தாழ்ந்தால் கரையோர நிலத்தடி நீரும் தாழும். கிழட்டு மருதுகள் உச்சியிலிருந்து பட்டுக்கொண்டு வந்தால் இதையும் ஒரு காரணமாகச் சந்தேகிக்கலாம்.

பழைய காட்டைப் பற்றி ஒரு மேலோட்டமான துப்பு கோயில்களில் கிடைக்கும். திருவிடைமருதூரின் தலமரம் மருது. திருவானைக்காவில் வெண்நாவல். சிதம்பரத்துக்குத் தில்லை; அந்த மரத்தை இன்று பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளுக்குத்தான் போக வேண்டும். மூன்றும் ஈரத்தைத் தாங்குகிற மரங்கள். தலமரத்தைத் தரவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எந்த மரங்களைத் தேட வேண்டும் என்று யோசிக்க இது உதவும்.

கோடு போடுவது

வேலையின் முதுகெலும்பு ஒரு குறுக்குக்கோடு. ஆற்றின் நீர்விளிம்பில் தொடங்கி, படுகையைக் குறுக்கே கடந்து, வெள்ளக்கரையின் அடிவாரம் வரை ஒரு நேர்கோடு. 50 மீட்டர் நைலான் கயிற்றில் 10 மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டே போகலாம். திசைக்கு ஃபோனில் உள்ள காம்பஸ் போதும். தொடக்கப் புள்ளியையும் முடிவுப் புள்ளியையும் ஜி.பி.எஸ்.ஸில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் உயரத்துக்கு ஃபோன் ஜி.பி.எஸ்.ஸை நம்பாதீர்கள். அது காட்டும் உயரத்தில் பல மீட்டர் பிசகு இருக்கும். நமக்கோ பத்து சென்டிமீட்டர் கணக்கு.

இதற்கு லட்ச ரூபாய்க் கருவி வேண்டியதில்லை. கொத்தனார் வைத்திருப்பாரே, டியூப் லெவல், அது போதும். நிறமில்லாத குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பினால், இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். சென்டிமீட்டர் குறித்த இரண்டு கழிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முடிச்சில் ஒரு கழி, அடுத்த முடிச்சில் இன்னொரு கழி. குழாயின் இரு முனைகளையும் கழிகளோடு சேர்த்துப் பிடித்து, நீர்மட்டம் எந்த எண்ணில் நிற்கிறது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். முதல் கழியில் 92, இரண்டாவதில் 127 என்றால், இரண்டாவது இடம் 35 சென்டிமீட்டர் தாழ்வு. எண் கூடினால் நிலம் தாழ்கிறது என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது. வெயில் ஏறியபின் இது மனதில் தலைகீழாகப் போய்விடும்.

இப்படி முடிச்சு முடிச்சாக வாசித்து வரைபடத் தாளில் போட்டால் படுகையின் குறுக்குவெட்டு வந்துவிடும். இதில் வெள்ளத்தின் உயரத்தையும் சேர்க்க வேண்டும். அதற்குத் தடயம் காட்டிலேயே தொங்குகிறது. கிளைகளில் சிக்கிய வைக்கோல், பிளாஸ்டிக் பை, கந்தல் துணி எல்லாம் கடைசிப் பெருவெள்ளத்தின் மட்டத்தைச் சொல்கின்றன. அடிமரத்தில் காய்ந்த சேற்றுக் கோடும் தெரியும். மேட்டூரிலிருந்து 2 லட்சம் கன அடியளவில் தண்ணீர் வந்த 2018, 2022 ஆகஸ்ட் வெள்ளங்களை ஆற்றோர ஊர்களில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொள்ளிடக் கடைமடையில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு போன்ற ஊர்கள் படுகைக்குள்ளேயே இருப்பவை. "ஐயா, அந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? எத்தனை நாள் நின்னுச்சு?" என்று கேட்டால் வீட்டுச் சுவரில் தொட்டுக் காட்டுவார்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மரத்துக்கு உயரத்தைவிட நாள் கணக்கு முக்கியம்.

மரங்களை எண்ணுவது

கோட்டின்மேல் உயரம் மாறுகிற ஒவ்வொரு மட்டத்திலும் கட்டங்கள் போட வேண்டும். மரத்துக்கு 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் என்பது பரவலான வழக்கம். அதற்குள் 5க்கு 5 கட்டத்தில் புதர்கள், 1க்கு 1 கட்டத்தில் புல் பூண்டு. ஆனால் ஆற்றோர மேடு சில இடத்தில் ஆறேழு மீட்டர் அகலம்தான் இருக்கும். அங்கே சதுரம் போட்டால் பாதி மேட்டிலும் பாதி பள்ளத்திலும் விழும். இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் எதற்கும் உதவாது. அந்த இடத்தில் ஆற்றுக்கு இணையாக 5க்கு 20 என்று நீளவாக்கில் போட்டுக்கொள்ளலாம். பரப்பு அதே 100 சதுர மீட்டர்; உயரமும் மாறாது.

கட்டத்துக்குள் ஒவ்வொரு மரத்தின் பெயரையும் சுற்றளவையும் எழுத வேண்டும். சுற்றளவு எடுப்பது தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய நெஞ்சு மட்டம். 30 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மரம், 10க்கும் 30க்கும் நடுவே இளமரம், அதற்கும் கீழே கன்று. தையல் டேப் கொண்டுபோகாதீர்கள். முதிர்ந்த மருதைச் சுற்றி வர அது போதாது. நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே இரண்டாகக் கவைத்த மரத்தில் இரண்டு தண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். மூங்கிலுக்குச் சுற்றளவு வேலைக்காகாது. எத்தனை கொத்து, கொத்துக்கு எத்தனை கழி என்று எழுதினால் போதும்.

மருதை அடையாளம் காண்பது எளிது. வெளிறிய வழுவழுப்பான பட்டை பெரிய பெரிய செதில்களாக உரிந்து கீழே கிடக்கும். காயில் நீளவாக்கில் ஐந்து இறக்கைகள் இருக்கும். ஆற்றோரத்தில் கீழே கிடக்கிற காயைப் பொறுக்கி இறக்கையை எண்ணிப் பாருங்கள். அது மிதக்கும், நீரோடு போய் ஒதுங்கும் இடத்தில் முளைக்கும். புங்கங்காயும் அப்படித்தான். ஆகவே பழைய வெள்ளக் குப்பை ஒதுங்கிய கோட்டில் கன்றுகள் வரிசையாக முளைத்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். குறித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

நட்ட மரத்தையும் தானாக வந்த மரத்தையும் பிரித்து எழுதுவது இங்கே மிக முக்கியம். டெல்டாவின் வாய்க்கால் கரைகளில் வனத்துறை வளர்த்த தேக்கு உண்டு. படுகைகளில் நட்ட மூங்கிலும் தைலமரமும் உண்டு. ஒரே இடைவெளி, ஒரே பருமன், வரிசை என்று நின்றால் நட்டதுதான். அதைக் காட்டுக் கணக்கில் சேர்த்தால் முடிவே மாறிவிடும். அதேபோல் சீமைக்கருவேல், நெய்வேலிக் காட்டாமணக்கு, ஆகாயத்தாமரை. இவற்றைத் தலை எண்ணிக் கட்டுப்படியாகாது. கட்டத்தில் எத்தனை விழுக்காட்டை மூடியிருக்கிறது என்று எழுதுங்கள். காட்டாமணக்கின் ஒடிந்த தண்டு சேற்றில் பட்டாலே வேர்விடும். வெள்ளமே அதை ஊர் ஊராகக் கொண்டுபோய் நடுகிறது.

பெயர் தெரியாத செடி வந்தால் பூவோ காயோ உள்ள ஒரு கிளையை ஒடித்துப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்துங்கள். ஊர்க்காரர் சொல்லும் பெயரையும் கேட்டு எழுதுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். கடம்பு, நீர்க்கடம்பு, செங்கடம்பு மூன்றும் வேறு வேறு மரம்; பேச்சில் மூன்றும் கடம்பாகிவிடும். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராப்பினாட் ஹெர்பேரியம் போன்ற தாவரச் சேகரிப்புகளில் ஒப்பிட்டுப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

புதைந்த அடிமரம்

படுகைக்கே உரிய ஒரு சிக்கல் இது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். மலைக்காட்டில் தரை நிலையானது. இங்கே தரையே ஏறி இறங்கும். ஒரு வெள்ளம் அரையடி எக்கலை, அதாவது தான் அடித்துவந்த மண்ணை, கொட்டிவிட்டுப் போனால், போன ஆண்டு 1.37 மீட்டரில் அளந்த இடம் இந்த ஆண்டு நெஞ்சு மட்டத்துக்குக் கீழே போய்விடும். மரத்தின் அடி தடிமன் அதிகம் என்பதால் உயரம் மாறினால் சுற்றளவும் மாறும். மரம் வளராமலேயே இளைத்துவிட்டதாக நோட்டு சொல்லும். ஆகையால் அளந்த இடத்தில் மெல்லிய பெயின்ட் கோடு போட்டு, அடுத்த முறை தரையைப் பார்க்காமல் கோட்டிலேயே அளக்க வேண்டும். கோட்டிலிருந்து தரை எவ்வளவு தூரம் என்பதையும் எழுதினால், எக்கல் எவ்வளவு ஏறியது அல்லது அரித்தது என்ற கணக்கும் சும்மா கிடைத்துவிடும்.

மரத்தைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் இன்னும் சொல்லும். சாதாரணமாக அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் விரிந்து, வேர்கள் பிரிகிற கழுத்து கண்ணுக்குத் தெரியும். விரியாமல், கம்பம் நட்டதைப் போல நேராகத் தரைக்குள் இறங்கினால் அடி புதைந்திருக்கிறது என்று பொருள். கையால் மண்ணைத் தள்ளிக்கொண்டே போய் வேர்க்கழுத்து எத்தனை ஆழத்தில் வருகிறது என்று அளங்கள். அந்த மரம் கன்றாக இருந்த நாளிலிருந்து இன்றுவரை அங்கே ஏறிய மண் அவ்வளவு. சில மரங்கள் புதைந்த தண்டிலிருந்தே புது வேர் விட்டிருக்கும். மேல் அடுக்கில் ஒரு வேர்க்கூட்டம், ஒரு சாண் கீழே இன்னொன்று. ஆற்றங்கரை விளிம்பில் இதற்கு நேர்மாறாக வேர்கள் வெளியே தொங்கும். அங்கே ஆறு கரையைத் தின்றுகொண்டிருக்கிறது. புதைந்த ஆழம், வெளித்தெரியும் உயரம் இரண்டுக்கும் நோட்டில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். மரம் அளப்பதும் மண் அளப்பதும் ஒரே வேலையாவது இந்தப் பத்தியில்தான்.

குழி வெட்டுவது

ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு கட்டத்தின் ஓரமாக ஒரு குழி. ஒரு மீட்டர் ஆழம் போதும். மணற்பாங்கான இடத்தில் அதற்குமேல் இறங்காதீர்கள், பக்கச்சுவர் சரியும். வெயில் படுகிற ஒரு பக்கத்தைக் கத்தியால் நேராகச் செதுக்கிவிட்டு, பக்கத்தில் ஒரு டேப்பைத் தொங்கவிட்டு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள்.

மேட்டில் வெட்டிய குழியில் மேலே சருகு, அதன் கீழ் விரற்கடை அளவுக்குப் பழுப்பு வண்டல், அதன் கீழ் வெளிறிய மணல், மறுபடி வண்டல், மறுபடி மணல் என்று பட்டை பட்டையாகத் தெரியும். மணலில் காக்காய்ப்பொன் மினுங்கும். ஒவ்வொரு பட்டையும் ஒரு வெள்ளமோ, ஒரே வெள்ளத்தின் ஒரு கட்டமோ படியவிட்டது. நடுவே எங்காவது கறுத்த ஒரு பட்டையும் மக்கிய இலையும் அடுப்புக் கரியும் வந்தால், ஒரு காலத்தில் அதுதான் மேல்தரை. பிறகு வந்த எக்கல் அதை மூடிவிட்டது. பள்ளத்துக் குழியில் பட்டைகள் தெளிவாக இருக்காது. முழுக்கக் களி, கோடையில் அது பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பில் மேல்மண் விழுந்து, எல்லாம் தன்னைத்தானே புரட்டிக் கலந்திருக்கும். டெல்டா மண்ணைப் பிரித்தவர்கள் இந்தக் கனத்த களியைக் களத்தூர் வகை என்றும், ஆற்றோர இளம் வண்டலைப் படுகை வகை என்றும் பெயரிட்டிருக்கிறார்கள்.

நிறம் பார்க்க வேண்டும். மண்ணில் இரும்பு இருக்கிறது. காற்றுப் பட்டால் அது துருவேறிச் செம்பழுப்பாகும். நீர் நின்று காற்று அற்றுப்போனால் துரு கரைந்து மண் சாம்பல் நிறமாகும். ஆகவே சாம்பல் பின்னணியில் துருப்பிடித்த புள்ளிகள் தெரிகிற ஆழம்தான் நீர்மட்டம் ஏறி இறங்கும் மண்டலம். முழுச் சாம்பலாக இருக்கும் ஆழம் பெரும்பாலும் நீரில் இருப்பது. பழைய வேர் போன வழியில் குழாய் வடிவில் துரு படிந்திருப்பதையும் பார்க்கலாம். நீங்கள் போகிற நாளில் குழி காய்ந்து கிடந்தாலும், மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதை இந்தப் புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும். புள்ளி தொடங்கும் ஆழத்தை மறக்காமல் எழுதுங்கள். அந்த ஆழம் எங்கே மேலே ஏறுகிறதோ அங்கே வேம்பு மறைந்து மருது வருகிறதா என்று பார்ப்பதுதான் இந்தக் கணக்கெடுப்பின் சாரமே.

மண்ணின் நயத்தைக் கையிலேயே சொல்லிவிடலாம். ஒரு பிடி மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதை நாடாவாகத் தள்ளிப் பாருங்கள். நாடாவே வராமல் நறநறவென்று உதிர்ந்தால் மணல். இரண்டு மூன்று சென்டிமீட்டரில் ஒடிந்தால் மணலும் வண்டலும் களியும் கலந்த இருமண்பாடு. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் ஒடியாமல் தொங்கினால் களி. நறநறப்பு இல்லாமல் முகப்பவுடரைத் தொடுகிற வழுவழுப்பு இருந்தால் வண்டல் மிகுதி. சந்தேகமாக இருந்தால் நேரான கண்ணாடி ஜாடியில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும், வண்டலுக்குச் சில மணிநேரம், களிக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ. வெள்ளம் படுகையில் செய்த அதே வேலைதான். 2 மில்லிமீட்டரிலிருந்து 0.05 வரை மணல், அதிலிருந்து 0.002 வரை வண்டல், அதற்கும் கீழே களி.

ஆய்வகத்துக்கு அனுப்பும் மாதிரியில் ஒரு எச்சரிக்கை. வயலுக்கு மண் எடுக்கும்போது பத்துப் பதினைந்து இடத்தில் V வடிவக் குழி வெட்டி, எல்லாவற்றையும் கலந்து, அரைக் கிலோவாகக் குறைத்து அனுப்பச் சொல்வார்கள். உரப் பரிந்துரைக்கு அது சரி. இங்கே கலக்கவே கூடாது. நமக்கு வேண்டியதே வேறுபாடுதான். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் கலந்துவிட்டால் கிடைக்கும் எண் இரண்டுக்குமே பொருந்தாது. குழியிலும் பட்டை பட்டையாகத் தனியே எடுங்கள். கீழ்ப்பட்டையில் தொடங்கி மேலே வந்தால் உதிர்ந்த மண் கலக்காது. நிழலில் உலர்த்தி, இரட்டைப் பையில் போட்டு, நடுவில் பென்சிலால் எழுதிய சீட்டு. பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.

கரிமச் சத்து முடிவு வரும்போது ஒரு விஷயம் கண்ணில் படும். மற்றக் காடுகளில் அது மேலே அதிகமாகவும் ஆழத்தில் சீராகக் குறைந்தும் இருக்கும். படுகையில் குறையும், கூடும், மறுபடி குறையும். ஆய்வகப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். புதைந்த பழைய மேல்தரைகள்தான் அப்படிக் காட்டுகின்றன. வெள்ள வண்டல் மண்ணை மண்ணியலாளர்கள் அடையாளம் காண்பதே இந்த ஒழுங்கின்மையை வைத்துத்தான்.

கடலோரம் நெருங்கினால் உப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொள்ளிடத்தின் கீழணை இருக்கும் அணைக்கரைக்குக் கீழே போகப் போக, அதுவும் ஆறு கடலில் சேரும் பழையாறு ஊர்ப் பக்கம், கோடையில் ஆற்றில் கடல்நீர் ஏறும். மின்கடத்தலை வைத்து அளக்கும் மண்ணின் உப்புநிலை மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர்மண் என்று கொள்வது வழக்கம். ஆனால் அது மண்ணைக் குழைத்துப் பிழிந்த நீரில் அளந்த எண். பல ஆய்வகங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரு பங்கு நீர் கலந்து அளக்கும். அதில் எண் குறைவாகவே வரும். எந்த முறை என்று கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால் ஒப்பிட முடியாது. உப்பு ஏறிய இடத்தைச் செடிகளே முன்கூட்டிச் சொல்லிவிடும்: தரையில் உமரி, மேலே சீமைக்கருவேல், இன்னும் தாழ்ந்தால் தில்லையும் கண்டலும்.

எண்களை வைத்து என்ன செய்வது?

மரக் கணக்கைச் சுருக்க ஒரு புகழ்பெற்ற வழி உண்டு. ஒவ்வொரு மரத்துக்கும் அடர்த்தியில் எத்தனை விழுக்காடு, எத்தனை கட்டங்களில் வந்தது என்பதில் எத்தனை விழுக்காடு, அடிப்பரப்பில் எத்தனை விழுக்காடு. மூன்றையும் கூட்டினால் அந்த மரத்தின் முக்கியத்துவ மதிப்பு. எல்லா மரங்களுக்கும் சேர்த்து மொத்தம் 300. அடிப்பரப்பு என்பது நெஞ்சு மட்டத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு; சுற்றளவின் வர்க்கத்தை 12.57ஆல் வகுத்தால் வருவது. சுற்றளவு இரட்டித்தால் அது நான்கு மடங்காகும்.

கற்பனையாக ஒரு கணக்கு: பத்துக் கட்டங்களில் 60 மரங்கள். மருது 12, சுற்றளவு தலா 2 மீட்டர், 6 கட்டங்களில். புங்கை 40, தலா 60 சென்டிமீட்டர், 9 கட்டங்களில். வேம்பு 8, தலா 80 சென்டிமீட்டர், 5 கட்டங்களில். கணக்குப் போட்டால் புங்கைக்கு 133, மருதுக்கு 121, வேம்புக்கு 46. புங்கையும் மருதும் கிட்டத்தட்டச் சமம் என்று தோன்றும். ஆனால் பிரித்துப் பாருங்கள். மருதுக்கு அடிப்பரப்பில் 71 விழுக்காடு, எண்ணிக்கையில் 20தான். புங்கைக்கு எண்ணிக்கையில் 67, அடிப்பரப்பில் 21. ஒன்று சில கிழட்டுப் பெருமரங்கள். மற்றது ஏராளமான இளசுகள். கூட்டுத்தொகை இதை மறைத்துவிடுகிறது. அறிக்கைகளில் கடைசி எண்ணை மட்டும் போடுவது எனக்கு உடன்பாடில்லை. மூன்று பத்தியையும் போடுங்கள். இளமரமும் கன்றும் எத்தனை என்ற பத்தியையும் பக்கத்தில் வையுங்கள். பெரிய மருது இருந்து கன்று ஒன்றுகூட இல்லையென்றால் என்ன காரணம் என்று மண் பக்கம் திரும்ப வேண்டும். வெள்ளம் அங்கே எட்டுவது நின்றுவிட்டதா? துருப்புள்ளிகள் ஆழத்தில் பழைய அடையாளமாக மட்டும் இருந்து, இன்றைய நீர்மட்டம் அதற்கும் கீழே போய்விட்டதா? இல்லை, வெறும் ஆடு மாடு மேய்ச்சலா?

இதற்கெல்லாம் ஒரே ஒரு வரைபடம் போதும். டியூப் லெவலில் கிடைத்த குறுக்குவெட்டை அடியில் வரைந்து, அதன்மேல் மரங்களை அந்தந்த இடத்தில் நிறுத்தி, கீழே குழிகளின் பட்டைகளைத் தொங்கவிட்டு, வெள்ள மட்டத்தை ஒரு கோடாக இழுங்கள். பத்துப் பக்க அட்டவணை சொல்லாததை அது சொல்லும்.

போவதற்கு முன்

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. புல் பூண்டு பூத்து அடையாளம் காண ஏதுவாக இருப்பது தை, மாசி. குழி வெட்ட வசதி பங்குனி, சித்திரை. இரண்டுக்குமாக இருமுறை போவதுதான் நல்லது. ஆற்றில் நீர் திறக்கும் அறிவிப்பு வந்தால் அன்றைக்கு வேலையை மூட்டை கட்டிவிடுங்கள். படுகையில் பட்டா நிலமும் அரசு நிலமும் கலந்து கிடக்கும், ஆகவே முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். ஆறும் கரையும் நீர்வளத்துறை பொறுப்பு, காடு வனத்துறை. நாணலுக்குள் கம்பால் தட்டிக்கொண்டே நடங்கள், விரியன் இருக்கும். அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் முதலைகள் உண்டு. நீர்விளிம்பில் தொடங்கும் கோட்டுக்கு ஆளை இறக்கும் முன் ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். குழியைப் பார்த்து முடித்ததும் மூடிவிட வேண்டும், மாடு விழுந்தால் கால் போய்விடும்.

ஐந்தாறு ஆண்டு கழித்து அதே கோட்டில் இன்னொருவர் அளந்தால்தான் இந்த உழைப்புக்கு முழுப் பலன். அதற்காகப் படுகைக்குள் கல் நடுவது வீண், அடுத்த வெள்ளம் அதைப் புதைத்துவிடும் அல்லது புரட்டிவிடும். கரைமேல் இருக்கும் மதகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் ஷட்டர் மேடையின் விளிம்பை உயரத்துக்கு அடிப்படையாக வைத்து, அங்கிருந்து கோட்டின் முடிவுப் புள்ளிக்கு எத்தனை மீட்டர், எந்தத் திசை என்று எழுதுங்கள். மதகின் எண்ணையும் கூடவே.